ரோசா பார்க்ஸுக்குக் கால் வலிக்கவில்லை: அமெரிக்க சிவில் உரிமைப் போராட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி

போன பிப்ரவரியில் என் மகன் பள்ளியிலிருந்து ஒரு பஸ் படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டு வந்தான். இரண்டாம் வகுப்பு. கதையும் சொன்னான். "ரோசா பார்க்ஸ்னு ஒரு பாட்டி. பாட்டிக்குக் கால் வலி, அதனால பஸ்ல எழுந்திருக்கல. போலீஸ் பிடிச்சுட்டாங்க. அப்புறம் மார்ட்டின் லூதர் கிங் வந்து ஸ்பீச் கொடுத்தார், எல்லாம் சரியாயிடுச்சு." பதின்மூன்று வருடப் போராட்டம் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. ஆசிரியரைக் குறை சொல்லவில்லை, அவருக்குக் கிடைத்தது இருபது நிமிடமாக இருந்திருக்கும். மீதியை வீட்டில்தான் சொல்ல வேண்டும். அட்லாண்டா பக்கத்தில் இருந்துகொண்டு இதைக்கூடச் சொல்லித்தரவில்லை என்றால் எப்படி என்று நானும் இறங்கினேன், சில இடங்களில் சொதப்பினேன். எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாட்டி விஷயம். 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸுக்கு வயது 42. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு உங்கள் வயதையும் சொல்லுங்கள், முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். அவர் 1943-லிருந்தே கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் பாடுபடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில், அலபாமா மாநிலத்து மான்ட்கமரி ஊர்க் கிளையில் செயலாளர் வேலை பார்த்தவர். அந்த வருடக் கோடையில்தான் டென்னசியில் ஹைலாண்டர் என்ற பள்ளியில் போராட்டப் பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். உடம்பு அசதியால் உட்கார்ந்திருக்கவில்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து அலுத்துப்போய்த்தான் எழுந்திருக்கவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார்.

இது ஏன் முக்கியம் என்றால், "ஒரு நல்ல பாட்டி, ஒரு நல்ல மாமா, ஒரு நல்ல ஸ்பீச்" என்று கதை சொன்னால் பிள்ளைகள் அதைச் சாமி கதை மாதிரி கேட்டுக்கொள்வார்கள். அவதாரம் வந்தது, அரக்கன் ஒழிந்தான், பிரசாதம் எங்கே? நான் சொல்லச் சொல்வது வேலையின் கதை. யார் நோட்டீஸ் அடித்தார்கள், யார் கார் ஓட்டினார்கள், யார் சமைத்தார்கள், காசு எங்கிருந்து வந்தது. பிள்ளைகளுக்கு இந்த மாதிரி விவரம் பிடிக்கும், நாம்தான் அவர்களுக்குப் புரியாது என்று நினைத்து விட்டுவிடுகிறோம்.

பஸ்ஸிலிருந்தே ஆரம்பியுங்கள். ஒரு பெரிய தாளில் 36 சீட் வரையுங்கள். முன்னால் 10 சீட் வெள்ளையருக்கு, பஸ் காலியாக ஓடினாலும் அதில் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது. பின்னால் கறுப்பினத்தவர். நடுவில் இருப்பதுதான் சிக்கல்: அங்கே கறுப்பினத்தவர் உட்காரலாம், ஆனால் வெள்ளையர் ஒருவர் நின்றால் எழுந்துகொள்ள வேண்டும். ரோசா உட்கார்ந்தது அந்த நடுப்பகுதியின் முதல் வரிசையில். ஒரே ஒரு வெள்ளையர் நின்றார், அவருக்காக அந்த வரிசையில் இருந்த நாலு பேரும் எழுந்திருக்க வேண்டும் என்றார் டிரைவர், ஏனென்றால் ஒரே வரிசையில் இருவரும் உட்காரக் கூடாதாம். மூன்று பேர் எழுந்தார்கள். ரோசா ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். என் மகன் பென்சிலால் அந்த நாலு சீட்டையும் எண்ணிவிட்டு, "ஒருத்தர்தானே நின்னார், மீதி மூணு சீட்ல யாரு?" என்றான். யாருமில்லை. காலியாக இருக்கும். "இது ஸ்டுப்பிட்" என்றான். அந்த வார்த்தை வீட்டில் கூடாது, அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தாளில் வரைவதோடு நிறுத்துங்கள், நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். நான் இந்தத் தப்பைச் செய்தேன். வார இறுதியில் தெரிந்தவர்களின் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, பாதிப் பேருக்குப் பச்சை ஸ்டிக்கர், பாதிப் பேருக்கு மஞ்சள் ஸ்டிக்கர், மஞ்சளுக்குப் பின்வரிசை, தண்ணீர் கடைசியில் என்று ஒரு விளையாட்டு வைத்தேன். கால் மணி நேரத்தில் ஒரு குழந்தை அழுதுவிட்டது. அதைக்கூடச் சமாதானப்படுத்தினேன். பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு பையன் அதை அவ்வளவு ரசித்தான், முடிந்த பிறகும் கழற்ற மாட்டேன் என்றான். அவனுக்கு என்ன கற்றுக்கொடுத்தேன் என்று எனக்கே இன்றுவரை தெரியவில்லை. அங்கே நிஜமாகவே கறுப்பினக் குழந்தை ஒன்று இருந்திருந்தால்? நினைக்கவே வேண்டாம்.

அதற்குப் பதில், ரோசா கைதானதை எதிர்த்து பஸ்ஸைப் புறக்கணிக்கும் போராட்டத்தை நடத்தியவர்களின் இடத்தில் உட்காரவையுங்கள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு கூட்டம். "வரும் திங்கட்கிழமை, ஊரில் நம் ஆட்கள் யாரும் பஸ் ஏறக் கூடாது. போன் எல்லார் வீட்டிலும் இல்லை. எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். என் பெண்ணுக்குப் பதினொரு வயது, "வாட்ஸ்அப்" என்றாள். இல்லை. "ஈமெயில்." அதுவும் இல்லை. கொஞ்சம் திணறவிட்டு ஜோ ஆன் ராபின்சன் பற்றிச் சொல்லுங்கள். அலபாமா ஸ்டேட் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை. ரோசா கைதான அன்று இரவே கல்லூரிக்குப் போய், விடிய விடிய மிமியோகிராப் மெஷினில், அதாவது நம் ஊர்ப் பள்ளிகளில் கேள்வித்தாள் அடித்த அதே சைக்ளோஸ்டைலில், பல்லாயிரம் நோட்டீஸ் அடித்தார். ஒரு தாளில் மூன்று நோட்டீஸ், அப்புறம் வெட்டிக் கட்டுக்கட்டாகப் பிரித்து ஊர் முழுக்கப் பள்ளிகள், கடைகள், சலூன்கள் என்று விநியோகம். கிங் அப்போது படத்திலேயே இல்லை. 26 வயதில் ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார், சில நாள் கழித்துத்தான் தலைவராக்கப்பட்டார்.

அடுத்த கேள்வி: பஸ் இல்லாமல் வேலைக்கு எப்படிப் போவது? நடை ஒன்று. டாக்ஸி ஓட்டிய கறுப்பின டிரைவர்கள் பஸ் டிக்கெட் விலையான 10 சென்டுக்கே ஏற்றிப்போனார்கள். நகராட்சி, 45 சென்டுக்குக் குறைத்து வாங்கக் கூடாது என்ற விதியைத் தூசி தட்டி எடுத்தது. சரி, சொந்தக் கார்களைச் சேர்த்தார்கள், சுமார் 300 கார், ஏறும் இடம் இறங்கும் இடம் எல்லாம் அட்டவணை போட்டு. உடனே எதிர்த்தரப்பு கார் இன்ஷூரன்ஸை ரத்து செய்யவைத்தது. போராடியவர்கள் லண்டனில் இன்ஷூரன்ஸ் எடுத்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி "இப்ப என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். சதுரங்கம் மாதிரி போகும், அரை மணி நேரம் யாரும் ஐபேட் கேட்க மாட்டார்கள்.

பெட்ரோலுக்குக் காசு? ஜார்ஜியா கில்மோர். சமையல்காரப் பெண்மணி. கோழி வறுவல் சாண்ட்விச், கேக், பை எல்லாம் செய்து விற்று, அந்தக் காசைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டினார். கூடச் சமைத்த பெண்களின் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், அதனால் "காசு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் "எங்கிருந்தோ" என்றுதான் பதில். குழுவின் பெயரே "எங்கிருந்தோ வந்த கிளப்". கோர்ட்டில் சாட்சி சொன்னதற்காக ஜார்ஜியாவுக்கு வேலை போனது, அப்புறம் வீட்டிலிருந்தே சமைத்துப் போட்டார். எங்கள் வீட்டில் ரோசாவைவிட ஜார்ஜியாதான் இப்போது ஹீரோ.

இன்னொன்று, பெரும்பாலும் விட்டுப்போவது. முதலில் அவர்கள் கேட்டது மிகக் கொஞ்சம். மரியாதையாகப் பேசுங்கள், பின்னாலிருந்து நாங்கள் முன்னாலிருந்து நீங்கள், வந்த வரிசைப்படி உட்காரலாம், கறுப்பினத்தவர் அதிகம் போகும் வழித்தடத்தில் கறுப்பின டிரைவர் போடுங்கள். பிரிவினையையே எடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அதையும் தரமாட்டோம் என்றதால்தான் விஷயம் பிரிவினையையே எதிர்க்கும் வழக்காகி உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்த வழக்கில் வாதியாக நின்றவர்களில் ரோசா இல்லை, கிளாடெட் கால்வின் இருந்தார். ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, அதே ஊரில் அதே மாதிரி சீட்டை விட மறுத்துக் கைதான 15 வயதுப் பள்ளி மாணவி. அவரை ஏன் முன்னிறுத்தவில்லை? சின்னப்பெண், ஏழை, நிறம் இன்னும் கறுப்பு, பிறகு கர்ப்பம். ஊர் என்ன சொல்லும் என்று தலைவர்கள் யோசித்தார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். "அப்ப அவங்களுக்குள்ளயும் அன்ஃபேர் இருந்துச்சா?" என்று கேட்பாள். இருந்தது. கால்வினின் அந்தப் பழைய வழக்குப் பதிவை நீதிமன்றம் நீக்கியது 2021-ல்தான்.

இன்னும் சின்னக் குழந்தைகளுக்கு, ஐந்து ஆறு வயதுக்கு, பஸ் எல்லாம் வேண்டாம். ரூபி பிரிட்ஜஸ் போதும். 1960 நவம்பர் 14, நியூ ஆர்லியன்ஸ், அதுவரை வெள்ளையர் பிள்ளைகள் மட்டும் படித்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளி, ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி நாலு ஃபெடரல் மார்ஷல்களுக்கு, அதாவது மத்திய அரசுக் காவலர்களுக்கு, நடுவில் நடந்துபோனாள். மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வருடம் முழுக்க அவள் வகுப்பில் அவள் ஒருத்தி, பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை ஒருவர், அவ்வளவுதான். மதியச் சாப்பாடு வீட்டிலிருந்துதான், விஷம் வைப்பேன் என்று ஒரு பெண் மிரட்டியிருந்தாள் (இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் குழந்தையைப் பொறுத்தது, நான் சின்னவனிடம் சொல்லவில்லை). ரூபியின் அப்பாவுக்கு வேலை போனது.

ரூபி பிறந்தது 1954-ல். என் அம்மாவும் 1954. கும்பகோணத்துக்கு வீடியோ கால் போட்டு, "பாட்டி, நீங்க ஒண்ணாங்கிளாஸ் போனது ஞாபகம் இருக்கா?" என்று கேட்கவைத்தேன். சிலேட்டு உடைந்து அடி வாங்கிய கதையை அம்மா சொன்னார். மகன் கொஞ்ச நேரம் போனையே பார்த்துவிட்டு, "அப்ப பாட்டியும் ரூபியும் ஒரே கிளாஸ்" என்றான். எந்தப் புத்தகமும் இதைச் செய்யாது. கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாவற்றையும் டைனோசர் காலத்துக்குத் தள்ளிவிடுகின்றன, அதனால் கலர் படம் கிடைத்தால் அதையே காட்டுங்கள், வீட்டுப் பெரியவர்களின் பிறந்த வருடத்தைப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நாம அப்ப இருந்திருந்தா எங்க உட்கார்ந்திருப்போம்?" மழுப்பாதீர்கள். 1923-லேயே, அமெரிக்காவில் குடியேறிய பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் ஆக மாட்டார்கள், குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் விடுதலைப் போராட்ட வீராங்கனை கமலாதேவி சட்டோபாத்யாய் 1941-ல் லூசியானாவில் ரயிலில் போனபோது, வெள்ளையர் பெட்டியிலிருந்து எழுந்து போகச் சொன்னார் டிக்கெட் பரிசோதகர். இந்தியர் என்று தெரிந்ததும் விட்டுவிடத் தயாராக இருந்தார். கமலாதேவி அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை, நானும் நிறத்தவள்தான், எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அப்புறம் 1965. அதுவரை இந்தியாவிலிருந்து குடியேற ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். ஒரு கல்யாண மண்டபம்கூட நிரம்பாது. அந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டம் 1965 அக்டோபரில் வந்தது, கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைக் காக்கும் வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டே மாதத்தில், அதே காற்றில். நாம் படித்து முன்னேறி வந்தோம் என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்கிறோம் இல்லையா, கதவைத் திறந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

இதைச் சொல்லும்போது நம் வாயையும் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது. காரில் சில தெருக்கள் வந்தால் "கதவு லாக்கா பாரு" என்று சொல்வது, பிறந்த குழந்தையைப் பார்த்துவிட்டு "கொஞ்சம் கலர் கம்மிதான்" என்பது. பின்சீட்டில் இருப்பவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். மாதம் முழுக்க நடத்திய பாடத்தை அந்த ஒரு வரி அழித்துவிடும். எனக்கே நடந்தது, என் பெண் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

பெரிய பிள்ளைகள் அடுத்துக் கேட்பது, "நம்ம ஊர்ல இப்படி இல்லையா?" கிங்கையே துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். 1959-ல் ஒரு மாதம் இந்தியாவில் சுற்றினார், கன்னியாகுமரிவரை வந்தார். திருவனந்தபுரத்தில் தலித் மாணவர்கள் படித்த ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம் யோசித்து, ஆமாம், நானும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டதாக 1965-ல் அட்லாண்டாவில், தன் சொந்தச் சர்ச்சில் பேசினார். இங்கே வெள்ளையருக்கு ஒரு குழாய், கறுப்பினத்தவருக்கு ஒரு குழாய். அங்கே டீக்கடையில் இரட்டை டம்ளர். இதைச் சொல்லும்போது எந்த டம்ளர் நம் தாத்தா கையில் இருந்தது என்றும் பிள்ளை கேட்கும். பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வன்முறையை எந்த வயதில் சொல்வது? என் கணக்கு இது, உங்கள் பிள்ளையை நீங்கள்தான் அறிவீர்கள். எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையன் 1955-ல் மிசிசிப்பியில் கொல்லப்பட்டது பன்னிரண்டு பதின்மூன்றுக்கு முன்னால் வேண்டாம். அதன் பிறகும் சிதைந்த அவன் உடலின் படத்தைக் காட்டாதீர்கள், மகனின் சவப்பெட்டியைத் திறந்தே வையுங்கள் என்று அவன் அம்மா ஏன் சொன்னார் என்பதை மட்டும் பேசுங்கள். தூங்கப்போகும் முன் எதையும் ஆரம்பிக்காதீர்கள், சனிக்கிழமை காலைதான் சரியான நேரம்.

வாக்குரிமைப் பகுதி கொஞ்சம் வறட்சியாக இருக்கும், அதற்கு ஒரு வழி. மிசிசிப்பியில் ஓட்டுக்குப் பதிவு செய்யப் போனால், மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவை எழுதிக் காட்டி, விளக்கமும் தர வேண்டும். சரியா தப்பா என்று முடிவு செய்வது அந்த அதிகாரி, விடைத்தாள் எதுவும் கிடையாது. ஏதாவது ஒரு சட்டப் பிரிவை அச்செடுத்து உங்கள் டீன்ஏஜ் பிள்ளையிடம் கொடுங்கள். அப்புறம் நீங்களும் விளக்கிப் பாருங்கள், இரண்டு பேரும் ஃபெயில். 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு முன் அந்த மாநிலத்தில் பதிவாகியிருந்த கறுப்பின வாக்காளர்கள் 7 சதவீதத்துக்கும் கீழே. இரண்டே வருடத்தில் அது கிட்டத்தட்ட 60 சதவீதமானது. சட்டம் என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முடிந்தால் ஒரு முறை பர்மிங்ஹாம் கூட்டிப்போங்கள். அட்லாண்டாவிலிருந்து இரண்டரை மணி நேரம், அலபாமா எல்லை தாண்டினால் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் லாபம். கெல்லி இங்கிராம் பூங்காவுக்கு எதிரேதான் 16-ஆம் தெரு பாப்டிஸ்ட் சர்ச். 1963 மே 2 அன்று பிரிவினையை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் பாடிக்கொண்டே அந்தச் சர்ச்சிலிருந்து வெளியே வந்து கைதானார்கள். பெரியவர்கள் போனால் வேலை போகும், பிள்ளைகளுக்கு வேலை இல்லையே, அதுதான் கணக்கு. மறுநாள் அதிகாரிகள் அவர்கள் மேல் நாய்களையும், ஆளைத் தூக்கி எறியும் தண்ணீர்க் குழாய்களையும் ஏவினார்கள். கைதானவர்களில் ஆட்ரி ஹென்ட்ரிக்ஸ் என்ற சிறுமிக்கு 9 வயது, ஒரு வாரம் சிறையில் இருந்தாள். பிள்ளைகளை இப்படி அனுப்பியது சரியா என்று அப்போதே சண்டை, கிங்குக்கே தயக்கம் இருந்தது. எங்கள் காரிலும் சண்டை. நான் அனுப்பியிருக்க மாட்டேன் என்றேன். என் பெண் சொல்லாமல் போயிருப்பேன் என்றாள். அன்றைக்குப் பல பிள்ளைகள் அப்படித்தான் போனார்கள்.

பூங்காவில் ஒரு சிற்பம் இருக்கிறது. நடைபாதையின் இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் பல்லைக் காட்டிக்கொண்டு நாய்கள் பாயும், நடுவில் உள்ள இடைவெளியில் நாம் நடந்து போக வேண்டும். சின்னவன் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். நாய்கள் அவன் முகத்துக்கு நேரே இருந்தன.

கடைசியாக ஒரு காலண்டர் விளையாட்டு. மான்ட்கமரி பஸ் புறக்கணிப்பு நடந்தது 381 நாள். எண்ணாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஏறாது, ஆயிரம் என்றாலும் அதே முகம்தான். அதனால் ஃப்ரிட்ஜில் ஒரு காலண்டர் ஒட்டி, பிப்ரவரி 10-ஐ முதல் நாளாக வைத்து எண்ணச் சொன்னேன். பிறந்தநாள், கோடை விடுமுறை, தீபாவளி, பொங்கல் எல்லாம் தாண்டி அடுத்த பிப்ரவரி 25-ல் போய் நின்றது. தினமும் ஒரு கட்டத்தை அடிப்பது சின்னவன் வேலை. நேற்று 97-வது நாள், நல்ல மழை. பால் எடுக்க ஃப்ரிட்ஜுக்குப் போனவன் பேனாவை எடுத்துக்கொண்டு நின்றான்.

"இன்னிக்கும் நடந்துதான் போயிருப்பாங்களா?"

"ஜார்ஜியா அம்மா கார் ஏற்பாடு பண்ணியிருப்பாங்க" என்றாள் அக்கா. அவன் கட்டத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு குடை வரைந்தான்.